சுவருக்கு இந்தப் பக்கம் கெட்டிமேளம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, சொல்லவும் ஆசையில்லை. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அப்பா அதே தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்து, பிறகு ஒரு மாட்டுவண்டியோடு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறியவர். இருவருக்கும் கையெழுத்து என்றால் கட்டைவிரல். நான் தமிழ் எழுதுவேன், ஆங்கிலம் எழுதுவேன், ஜப்பான்காரன் வந்த பிறகு அவன் எழுத்தும் கொஞ்சம் எழுதினேன். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெருமை, ஜப்பான்காரன் காலம் முழுக்க எங்கள் லயத்து வீட்டில் உட்கார்ந்து நான் பியானோ வாசித்தேன் என்பது.

அந்தப் பியானோ எங்கள் வீட்டுக்கு விறகுக்கு அடியில் ஒளிந்து வந்தது.

கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம் என்னுடையது. அதன் சமையலறைக்கு அப்பாதான் விறகு ஏற்றிப் போவார். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு அங்கே இடமே கிடைத்தது. ஜப்பான்காரன் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளப் போகிறான் என்று தெரிந்ததும், எனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த சிஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"இதை ஒளிச்சு வைக்கணுமாம்பா. அவங்க திரும்பி வர்ற வரைக்கும். நான் தினமும் வாசிக்கணுமாம். வாசிக்காம போட்டா இந்த ஊரு ஈரத்துக்குச் செத்துப்போயிருமாம்."

அப்பா பியானோவைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். நோஞ்சான் மாடு வாங்கும்போது பார்க்கிற மாதிரி பார்த்தார். "தூக்கிறலாம்," என்றார்.

வண்டியில் ஏற்றி, சாக்குப் போட்டு மூடி, மேலே விறகை அடுக்கினார். விறகுக்கு மேலே என்னை உட்கார வைத்தார். பாலத்தருகே ஒரு சிப்பாய் வண்டியை நிறுத்தினான். சக்கரம் பள்ளத்தில் இறங்கிய நேரம், எனக்குக் கீழே பியானோ 'டொய்ங்' என்று முனகியது. சிப்பாய் தலையைச் சாய்த்துக் கேட்டான். அப்பா சற்றும் அசராமல் மாட்டின் கழுத்து மணியைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். மாடு ஏன் என்பது போல் அவரைத் திரும்பிப் பார்த்தது. சிப்பாய் இரண்டு விறகை உருவிக்கொண்டு எங்களைப் போகச் சொன்னான். வீடு வந்து சேரும்வரை அப்பா சிரிக்கவில்லை. வந்த பிறகு, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

எங்களுடையது வரிசையில் நடுவீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர். அதுவும் கூரைவரை எட்டாது. தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையில் பூனை படுத்துத் தூங்குகிற அளவு இடைவெளி. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் வரிசை முழுக்க இருமும். யார் வீட்டில் என்ன சண்டை என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. இப்படிப்பட்ட இடத்தில் அப்பா பியானோவை இறக்கி, கரையான் ஏறாமல் இருக்கச் செங்கல்மேல் நிறுத்தினார். அம்மா அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தார். கல்வி சம்பந்தப்பட்ட பெட்டி என்பதால் அது சரஸ்வதி என்று முடிவு செய்துவிட்டார். சரஸ்வதியின் தலைமேலேயே மரவள்ளிக் கிழங்கையும் சீவிக் காயப்போட்டார்.

இடப்பக்கத்து வீட்டில் கட்டைச் செருப்பு செய்யும் சீனத் தாத்தா இருந்தார். அந்தக் காலத்தில் கடையில் சப்பாத்து ஏது? ஊரே கட்டைச் செருப்புக்கு மாறியிருந்தது. அவர் நாள் முழுக்க ஆணி அடித்தார். அவர் போடுகிற சத்தத்துக்கு என் சத்தம் எம்மாத்திரம். அதோடு, அவருக்கு என் வாசிப்பு பிடித்துப்போனது. நான் ஒன்றை வாசித்து முடித்தால் சுத்தியலை நிறுத்திவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மலாயில் "லாகி, லாகி" என்பார். இன்னும் வாசி என்று அர்த்தம். என் முதல் ரசிகர் அவர்தான். முகத்தைப் பார்த்துப் பேசியதைவிடச் சுவர் வழியாகப் பேசியதே அதிகம்.

வலப்பக்கத்து வீடுதான் சிக்கல். அங்கே இருந்த அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை. ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதால் அத்தை. அவர் கணவர் மரப்பட்டறையில் ராக்காவல் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். நானோ பகலில் வாசிக்கிறவள். அத்தை அகப்பைக் காம்பால் சுவரில் தட்டுவார்.

"ஏ டீச்சரம்மா, எலி ஓடுனது போதும் லா. மனுசன் தூங்க வேணாமா?"

"எலி இல்ல அத்தை. இது ஸ்கேலு. ஏறி இறங்குது."

"ஏறுனது ஏறுனதாவே இருக்கட்டும். இறங்க வேணாம். நிறுத்து."

பெட்டிக்குள் சாக்கைத் திணித்துச் சத்தத்தை அமுக்கிப் பார்த்தேன். அப்பா பியானோவை நகர்த்திச் சீனத் தாத்தா சுவரோடு ஒட்டிப் போட்டார். அத்தையும் தன் பங்குக்குச் சுவரிலிருந்த சந்து பொந்தெல்லாம் பழைய துணியைச் சுருட்டி அடைத்தார். ஆனாலும் சத்தம் கூரை வழியாகப் போய் இறங்கியது. அகப்பை தட்டிக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் என் விரல்களே அதற்குப் பழகிவிட்டன. தட்டு விழுந்ததும், நான் நினைப்பதற்கு முன்பே அவை கட்டையைவிட்டு எழும்பிவிடும், சூடான அடுப்பைத் தொட்டதுபோல.

அப்பா ஒருநாள் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "இதப் பாரு. சிஸ்டருக்குக் கொடுத்த வாக்கு எனக்குப் பெருசுதான். ஆனா பக்கத்து வீட்டுல இருந்து வந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டாங்கன்னா, பெட்டிய டவுனு பழைய சாமான் கடையில கொண்டுபோயி விட்டுருவேன். இது வெள்ளைக்காரன் பெட்டி. எவனாச்சும் மனசு கசந்து ஜப்பான்காரன் காதுல போட்டான்னா, பெட்டியும் போகும், நானும் போவேன். அக்கம்பக்கம் நம்ம பக்கம் இருக்கிற வரைக்குந்தான் இது இங்க இருக்கும்."

சாமான் கடையில் அதை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல பலகைக்கு அன்றைக்கு நல்ல கிராக்கி.

அத்தை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தயாராகத்தான் இருந்தார். அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். கல்யாணமாகாத பையன்களை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்குப் பிடித்துப் போகிறான் என்ற பயத்தில், அந்தக் காலத்தில் கல்யாணங்கள் அவசர அவசரமாக நடந்தன. குழாயடியில் அத்தை என்னிடம் சொன்னார், "கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு. அது முடியட்டும். உங்கப்பாகிட்ட ஒரு விசயம் பேச வேண்டியிருக்கு." என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று நான் வாசித்த பாட்டு மிகவும் மெதுவானது.

பிறகுதான் மேளக்காரர் விஷயம் வந்தது.

புந்தோங்கில் கல்யாணத்துக்கெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த மேளக்காரர், அரிசிப் பஞ்சம் வந்ததும் குடும்பத்தோடு பாகான் செராய் பக்கம் போய்விட்டார். நெல் விளைகிற ஊர், புத்திசாலி. அத்தை வீட்டிலிருந்து அவருக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். போன ஆள் கல்யாணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது திரும்பி வந்து, மேளக்காரர் சொன்னதைச் சொன்னார். அறுப்பு நேரமாம். ஒரு கல்யாணத்துக்காக அறுப்பை விட்டு வரமுடியாதாம். பெண்ணுக்கு ஆசீர்வாதமாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை அழுதது எங்களுக்குக் கேட்டது. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து விவரம் சொன்னார். மூத்த மகளுக்குத் தாலி கட்டும்போது மேளக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாராம். கெட்டிமேளம் கொட்டுவதற்குள் யாரோ தும்மிவிட்டார்களாம். அந்த மருமகனையும் பிறகு சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். போனவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மூத்தவள் கோப்பெங்கில் மாமியார் வீட்டில் காத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை மேளமே இல்லாமல், அபசகுனமாக எது காதில் விழுந்தாலும் அமுக்க வழியில்லாமல், எப்படித் தாலி கட்டுவது என்பதுதான் அத்தையின் அழுகை.

தும்மலுக்கும் சயாம் ரயிலுக்கும் சம்பந்தமில்லை என்று படித்த எனக்குத் தெரியும். அத்தையிடம் போய் அதைச் சொல்லாத அளவுக்கும் படித்திருந்தேன்.

மறுநாள் காலையில் நான் ஸ்கேல் வாசித்துக்கொண்டிருந்தேன். அகப்பை தட்டவில்லை. அத்தையே வாசலில் வந்து நின்றார்.

"ஏ பாப்பா. அந்தப் பெட்டி எம்புட்டு சத்தம் போடும்?"

"எலி சத்தந்தான் அத்தை."

"குத்திக் காட்டாத லா. கேக்குறதுக்குப் பதில் சொல்லு."

உள்ளே இருந்த சாக்கை உருவினேன். முன்பலகையையும் கழற்றினேன். பியானோவின் இடது கோடியில், இடி மாதிரி சத்தம் போடும் தடித்த கட்டைகளை, இரண்டு உள்ளங்கையாலும் ஒரே அழுத்தாக அழுத்தினேன். கூரையிலிருந்து பூனை குதித்து ஓடியது. அத்தையின் கணவர் தூக்கம் கலைந்து "யாருடா அது" என்று கத்தினார். அத்தை வாய்மேல் கைவைத்துக்கொண்டு நின்றார். கையை எடுத்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"போதும்," என்றார். "இது போதும். தும்முறவன் குடும்பத்தோட சேர்ந்து தும்மினாலும் கேக்காது."

அன்று முதல் சுவருக்கு இரண்டு பக்கமும் ஒத்திகை. அப்பா பியானோவை அத்தை சுவருக்கு மாற்றிப் போட்டார். அத்தை தான் அடைத்துவைத்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். எனக்குப் பயிற்சிப் பாடங்களும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நடக்க வாசிக்கும் ஒரு பாட்டும், சில தேவாலயப் பாட்டுகளும்தான் தெரியும். கெட்டிமேளத்தை நானே உண்டாக்க வேண்டியிருந்தது. இடக்கை தவில், வலக்கை நாகஸ்வரம் என்று வைத்துக்கொண்டேன். தூக்கத்தை இழந்த மாமா, அதுதான் அத்தையின் கணவர், மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித் தாளம் சொன்னார். தோட்டத்துத் திருவிழாவில் தவில்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டவராம்.

"இன்னும் வேகமா போ பாப்பா. இது மாப்பிள்ளைக்குத் தாலாட்டுற மாதிரில்ல இருக்கு," என்பார் சுவர் வழியாக.

"வெரல் இவ்வளவுதான் ஓடும் மாமா."

"எலின்னு சொன்னாளே ஒங்கத்தை. எலி இதவிட நல்லா ஓடும்."

இடப்பக்கத்துச் சுவரிலிருந்து ஆணிச் சத்தம் நின்றிருந்தது. பியானோ தூரமாகப் போய்விட்டதால் தாத்தாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "லாகி," என்றார், கொஞ்சம் கோபமாக.

கல்யாணம் அத்தை வீட்டு முன்னறையில்தான். எனக்கு மணவறை தெரியாது, நடுவில் சுவர். அதனால் ஓர் ஏற்பாடு. மாப்பிள்ளை வருவது, மாலை மாற்றுவது எல்லாவற்றுக்கும் நான் மெதுவாக ஏதாவது வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் அத்தை சுவரில் தட்டுவார். உடனே நான் கெட்டிமேளத்துக்குத் தாவ வேண்டும். தட்டுகிற வேலையை வேறு யாரிடமும் அத்தை ஒப்படைக்கவில்லை. இரவல் வாங்கிய பட்டுச்சேலையில், இடுப்பில் அகப்பையைச் செருகிக்கொண்டு பெண்ணின் தாயார் மணவறையில் நின்றதை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டை எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அத்தைக்கும் இல்லை, மாமாவுக்கும் இல்லை, வரிசையிலேயே அதிகம் படித்த எனக்கும் இல்லை.

அன்று காலை நான் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு தனியாகப் பியானோ முன் உட்கார்ந்தேன். எல்லோரும் அடுத்த வீட்டில். வளையல் சத்தம் கேட்டது. கோயில் பண்டாரத்தின் மந்திரம் கேட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா "என்னா சத்தம் இது, சினிமாக் கொட்டகையா?" என்று கேட்டதும், "பியானோ லா. எங்க லயத்துப் பொண்ணு வாசிக்குது. படிச்ச பொண்ணு," என்று அத்தை பதில் சொன்னதும் கேட்டது. அத்தை என்னைப் பெருமையாகச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. என் முதுகு தானாக நிமிர்ந்தது. பள்ளிக்கூட நடைப்பாட்டை நாகஸ்வரம்போல இழுத்து இழுத்து வாசித்தேன்.

அகப்பை தட்டியது.

என் விரல்கள் எழும்பிவிட்டன.

பழக்கம். தட்டு விழுந்தால் நிறுத்து என்பதைத் தவிர அந்தப் பத்து விரலுக்கும் வேறெதுவும் தெரியாது. நான் கைகளைக் காற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஒரு மூச்சுகூடக் கேட்கவில்லை. அந்த அமைதிக்குள், சுவருக்கு அந்தப் பக்கம், யாரோ ஒருவர் "ஹா... ஹா..." என்று மூக்கை உறிஞ்சி மேலே ஏறிக்கொண்டிருந்தார். அது எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கைதான் இறங்கவில்லை.

அப்போது எனக்குப் பின்னால், இடப்பக்கத்துச் சுவரிலிருந்து, பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்த சீனத் தாத்தா சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "லாகி, லாகி," என்றார்.

விழுந்தேன் பியானோமேல். விரலால் இல்லை, உள்ளங்கையால், முழங்கையால், கிட்டத்தட்ட என் முழு உடம்பால். இடக்கைத் தவில் வலக்கைமேல் ஏறியது. ஒத்திகையில் மாமா சொன்ன வேகமெல்லாம் ஒன்றுமே இல்லை. தகரக் கூரை அதிர்ந்தது. அம்மா காயப்போட்டிருந்த மரவள்ளிச் சீவல் மேலேயிருந்து என் தலையில் பொலபொலவென்று உதிர்ந்தது, அட்சதைபோல. தாத்தாவும் உற்சாகமாகிவிட்டார், ஆணியே இல்லாமல் வெறும் கட்டையில் அடித்து நொறுக்கினார். அந்தப் பக்கம் மாமாவின் டின் சேர்ந்துகொண்டது. அந்தத் தும்மல் எங்கே விழுந்தது என்பது யாருக்கும் தெரியாது. யார் காதிலும் விழவில்லை.

நான் நிறுத்தும்படி யாரும் தட்டவில்லை. அதனால் கை வலிக்கும்வரை வாசித்தேன். அம்மா ஓடிவந்து, "போதும்டி, தாலி கட்டி, மெட்டி போட்டு, மாப்பிள்ளை சாப்பிட உக்காந்தாச்சு," என்று என் தோளைப் பிடித்தார்.

மரவள்ளிப் பாயசத்தைத் தேங்காய்ப்பாலும் குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லமும் விட்டு அவ்வளவு ருசியாகச் செய்திருந்தார்கள். எனக்கு இரண்டு தடவை ஊற்றினார்கள். தாத்தாவுக்கு அத்தையே வாளியோடு போய் ஊற்றினார். மாமா மட்டும் என்னைத் தனியாக ஓரங்கட்டி, தோளிலிருந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஓமப்புகை லா பாப்பா. அடக்கத்தான் பாத்தேன். ஒங்கத்தை காதுல போட்டுறாத." இன்றுவரை போடவில்லை. இதை எழுதுகிறேனே என்றால், அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னால் இந்த இடத்தைத் தாண்டிவிடுவேன்.

மறுநாள் அப்பா பியானோவைத் தாத்தா சுவருக்கே திருப்பிப் போடுவதற்காகச் செங்கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அத்தை உள்ளே வந்தார்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு பேசணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

அப்பா செங்கல்லைக் கீழே வைத்தார். நான் பியானோவின்மேல் கை வைத்துக்கொண்டேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்க தங்கச்சி."

அத்தை பியானோவைப் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார். "இத எங்க தூக்குறீங்க?"

"பழைய எடத்துக்கு. அந்தப் பக்கச் சுவத்துக்கு."

"எதுக்கு? அந்தச் சீனத்தாத்தா மட்டும் கேக்கவா? இங்கயே கெடக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "மாமா தூங்கி எந்திரிச்சு, சாயங்காலத்துல வாசி. டின்னு தட்ட ஆளு வேணுமில்ல?" என்றார்.

"பேசணும்னீங்களே," என்றார் அப்பா.

"பேசிட்டேன் லா," என்று சொல்லிவிட்டு அத்தை போய்விட்டார்.

அப்பா செங்கல்லை வண்டிக்குக் கீழே கொண்டுபோய் அடுக்கினார். அங்கே கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றார்.

அன்று சாயங்காலம் பெட்டிக்குள் சாக்கு இல்லாமல் உட்கார்ந்து ஸ்கேலை ஆரம்பித்தேன். ஏறி முடித்து, இறங்கத் தொடங்கும்போது சுவரில் தட்டு விழுந்தது. விரல்கள் எழும்பிவிட்டன.

"ஏன் நிறுத்துன?" என்றது அத்தையின் குரல். "கல்யாண மாலைய மாட்ட ஆணி அடிக்கிறேன். நீ வாசி."

எனக்குப் பின்னால், இடப்பக்கத்துச் சுவரிலிருந்து, "லாகி," என்றார் தாத்தா.